ஜமுக்காளத்துக்குள் ஒரு பிளைமவுத்

என் மாமனார் தண்ணீர் வேண்டுமென்று கேட்டு நான் பார்த்ததில்லை. தாகமெடுத்தால், "அணையில இப்ப தண்ணி எவ்வளவு கெடக்காம்?" என்று பொதுவாக விசாரிப்பார். உள்ளேயிருந்து அத்தை ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அணையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விடுவாள். காபி வேண்டுமென்றால் பால்காரன் வந்தானா என்பார். மின்விசிறியைப் போட வேண்டுமென்றால், மதுரையில் வெயில் தாங்கவில்லை என்று பேப்பரில் எழுதியிருப்பதாகச் சொல்வார். சொதி இன்னும் ஒரு கரண்டி வேண்டுமென்றால் தேங்காய் விலையை நினைத்துக் கவலைப்படுவார். இந்தப் பாஷையைப் பிழையில்லாமல் புரிந்துகொள்ள அத்தைக்கே பல வருஷம் பிடித்ததாம். கல்யாணமாகி, மாற்றலும் வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு வந்த புதிதில் எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

அவர் ஜில்லாவில் பல ஊர்களில் சப்-ரிஜிஸ்திராராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரார் விற்றதையும் வாங்கியதையும் காலமெல்லாம் பதிவு செய்துகொடுத்த மனிதருக்கு, தனக்கென்று ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கத் தெரியாது. காய்கறிக் கடையில் கத்திரிக்காய்க் கூடைக்கு முன்னால் போய் நிற்பார். "இந்த வருசம் மழை பரவால்ல" என்பார். கடைக்காரர் பழகினவராக இருந்தால் தராசைக் கையில் எடுப்பார். புது ஆளாக இருந்தால் இருவருமாக மழையைப் பற்றிப் பேசி முடிப்பார்கள். மாமா வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, "கத்திரிக்கா தரமாட்டேங்கான்" என்று அத்தையிடம் குறைப்படுவார். அல்வா வாங்கப் போனவர், கடைக்காரர் எடுத்து நீட்டினார் என்பதற்காக மிக்சர் பொட்டலத்தோடு திரும்பிய கதையும் உண்டு. டவுணில் அல்வாக் கடைக்குள் நுழைந்து அல்வா இல்லாமல் வெளியே வருவதற்குத் தனித் திறமை வேண்டும்.

ஆபீஸில் ஊரே அவர் முன்னால் நின்று கேட்டது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கேட்பது என்பது மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களின் வேலை என்று அங்கே தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. "கேட்டு வாங்குனா அது பிச்சை மாப்ளே. அவனாக் கூப்புட்டுக் குடுத்தாத்தான் அதுக்குப் பேரு பொருளு" என்று என்னிடம் ஒருமுறை உபதேசம் செய்தார். அப்போது அவருக்குப் பேனா தேவைப்பட்டது என்பது மறுநாள்தான் எனக்குத் தெரிந்தது.

எனக்குப் பெண் கொடுக்க வந்ததும் இதே லட்சணத்தில்தான். எங்கள் ஊர் திருச்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், விபூதியும் வெள்ளை வேட்டியுமாக ஒரு பெரியவர் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். காவிரித் தண்ணீருக்கும் தாமிரபரணித் தண்ணீருக்கும் ருசியில் உள்ள வித்தியாசத்தை மதியம்வரை விளக்கினார். சாப்பிட்டார். என்னைப் பார்த்து, "பேங்குல கூட்டமா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் ஆமாம் என்றேன். கிளம்பிப் போய்விட்டார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருக்கும் என்று அப்பாவும், குடிநீர் வாரியத்து ஆளாக இருக்கும் என்று அம்மாவும் சொன்னார்கள். அடுத்த வாரம் அத்தையிடமிருந்து தபால் வந்தபிறகுதான், வந்து போனது ஒரு பெண்ணின் தகப்பனார் என்று தெரிந்தது. அத்தையின் தபாலில் நாலே வரி: பெண் இருக்கிறாள், படித்திருக்கிறாள், ஜாதகம் இத்துடன், சம்மதமா இல்லையா என்று எழுதவும்.

இப்படிப்பட்டவருக்குத்தான், தொண்ணூறுகளின் நடுவில், ஊரெல்லாம் மாருதி வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது.

அந்த ஆசைக்குக் காரணமும் அவர் வாய்தான். அதாவது அதைத் திறக்காததுதான். அவருக்குக் கல்யாணமான காலத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு, மேல்மூடியை மடித்துவிடுகிற நீளமான அமெரிக்கக் காரில் ஊர்வலம் வருவது டவுணில் பெரிய கௌரவம். சொந்தத்திலேயே ஒருவரிடம் அப்படி ஒரு கார் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாமா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து வெகுநேரம் பேசியிருக்கிறார். எதைப் பற்றி என்று கேட்க வேண்டியதில்லை. கார்க்காரர் தானாகச் சொல்வார் என்று இவர் இருந்தார். வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள் என்று அவர் இருந்தார். மாப்பிள்ளை ஜட்கா வண்டியில் ஊர்வலம் வந்தார். கீழ ரத வீதி முனையில் யாரோ வெடி போட்டதும் குதிரை நின்றுவிட்டது. எவ்வளவோ கெஞ்சியும் அது நகரவில்லை. மாப்பிள்ளை கழுத்தில் மாலையோடு இறங்கி, மேளக்காரர்களுக்குப் பின்னால் நடந்து வந்து சேர்ந்தார். அத்தை வீட்டார் இதை அதற்குப் பிறகு எந்த விசேஷத்திலும் மறந்ததில்லை. அத்தையின் தம்பி, அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருப்பவர், மாமாவைக் கண்டதும் மெல்லிசாக ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுத்தான் குசலம் விசாரிப்பார்.

வருகிற தை மாதம் மாமாவுக்கு அறுபது முடிகிறது. அறுபதாம் கல்யாணத்தன்று, அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அதே ரத வீதிகளில் அமெரிக்கக் காரில் ஒரு சுற்று வரவேண்டும். மச்சினரின் கனைப்பை நிறுத்த வேண்டும். அவருடைய வாழ்க்கையில் மிச்சமிருந்த லட்சியம் இது ஒன்றுதான். இதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை, அத்தைதான் சொன்னாள். ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்தால் போதாதா என்று மாமாவிடம் கேட்டேன். "வாடகைக்குன்னா யார்ட்டயாவது போயிக் கேக்கணும்லா மாப்ளே" என்றார் மாமா. ஒரு நாள் வாடகைக்குக் கேட்கக் கூச்சப்பட்டுக் காரையே விலைக்கு வாங்கத் துணிந்தவர் அவர். விலைக்கு வாங்குவதற்கும் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும் என்பதை நான் அப்போது ஞாபகப்படுத்தவில்லை.

அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. எனக்கு லைசென்ஸ் இருந்தது. போதாக்குறைக்கு நான் பேங்கில் வாகனக் கடன் பிரிவில் இருந்தேன். ஆகவே எனக்கு வாகனம் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டார். பயிர்க்கடன் பிரிவில் இருந்திருந்தால் என்னை வயலில் இறக்கியிருப்பார். உண்மையில் பழைய காரைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்ததைக் கூட்டினால் ஒரு தபால் கார்டில் பாதி நிறையாது. மூக்கு நீளமாக இருந்தால் அமெரிக்கக் கார் என்பது மாமாவின் அளவுகோல். எனக்கு அந்த அளவுகோலும் கிடையாது.

முதலில் பேட்டையில் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் பழைய வண்டிகளைத் தட்டி நிமிர்த்துகிறவர். மாமா உள்ளே நுழைந்து, கடைசல் இயந்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். "இது நல்லா ஓடுதா?" என்றார். பிறகு, "கரண்டு ஒழுங்கா வருதா?" என்றார். பிறகு, "எத்தன பேரு வேலை பாக்காவ?" என்றார். பட்டறைக்காரர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. ஆள் அனுப்பி எங்களுக்கு இரண்டு கலர் சோடா வரவழைத்தார். ஒரு தகரப் பெட்டியைத் திறந்து லைசென்ஸ், வரி கட்டிய ரசீது எல்லாவற்றையும் மாமா முன்னால் அடுக்கினார். மாமா பழைய ஞாபகத்தில் அவற்றை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்துத் திருப்திப்பட்டுத் திருப்பிக் கொடுத்தார். எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் ஒரு பழைய அமெரிக்கக் கார் வாங்கலாமென்று வந்தோம் என்று சொல்லிவிட்டேன்.

"அட, இதுக்குத்தானா. நான் என்னமோ ஆபீசர்மாரு சோதனைக்கு வந்துருக்காவன்னு பயந்துட்டேன்" என்று பட்டறைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அமெரிக்கா வண்டி இப்ப எங்க அண்ணாச்சி இருக்கு? பாதிய டீசல் இன்ஜின் மாட்டி டாக்சி ஓட்டியே கொன்னுட்டானுவ. மீதிய எடைக்குப் போட்டாச்சு. ஆத்தங்கரைப் பக்கம் எதாவது பண்ணை வீட்டு ஷெட்டுக்குள்ள ஒண்ணு ரெண்டு கெடக்கும். பாத்தா மொதல்ல தரையப் பாருங்க. மேல பளபளன்னு மினுக்கும், காலடில உள்ள விரிப்பத் தூக்குனா ரோடு தெரியும். இன்ஜின் அசையுதான்னு பாருங்க. ஆர்.சி. புக்கு செத்துப்போன தாத்தா பேருல இருக்கும். எல்லாத்தையும் நல்லாக் கேட்டுக்கிடுங்க."

வெளியே வந்து மாமா என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். ஏறின பிறகு, "பட்டுன்னு போட்டு உடைச்சிட்டியளே மாப்ளே" என்றார்.

"வாங்கணும்னா சொல்லித்தானே ஆகணும் மாமா."

"பட்டறைல சரி. பெரிய வீடுகள்ல வந்து இப்படிக் கேட்டுராதிய. அவாள்ட்ட போயி வண்டிய விக்கியளான்னு கேட்டா, குடும்பம் நொடிச்சுப் போச்சான்னு கேக்கதா அர்த்தம். ஒரு மனுசன் மூஞ்சிக்கு நேரா அத எப்படிக் கேக்க?"

அதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பெரிய வீடுகளில் நான் வாயைத் திறப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். நான் அந்த வீட்டு மாப்பிள்ளை. வேறென்ன செய்ய முடியும்?

பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கிளம்பினோம். நான் ஓட்டுவேன், அவர் பின்னால் குடையை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தெற்கு ரத வீதியில் ஒரு ஜவுளிக்காரர் வீட்டில் இருந்த நீள மூக்குக் கார் இங்கிலாந்துக்காரன் செய்தது என்பது, அவர் வீட்டில் இரண்டு தடவை சாப்பிட்ட பிறகு தெரியவந்தது. முக்கூடல் பக்கம் ஒரு தோட்டத்தில் நிஜமான அமெரிக்கக் கார் ஒன்று கிடந்தது. அதன் பின் சீட்டில் கோழிகள் அடைகாத்தன. மாமா அதைப் பார்த்து, "நல்ல வசதியா இருக்கு" என்றார். காரைத்தான் சொன்னார். தோட்டக்காரர் கோழியைச் சொல்வதாக எடுத்துக்கொண்டு ஒரு ஓலைக்கொட்டான் நிறைய நாட்டுக் கோழி முட்டை கொடுத்தார். கேட்காமல் கொடுத்ததை மறுப்பது மாமாவின் சாஸ்திரத்தில் கிடையாது. பரம்பரைச் சைவ வீட்டுக்குள் முட்டையோடு நுழைந்த எங்களை அத்தை ஏற இறங்கப் பார்த்தாள். "கார் சின்னதா இருக்கே" என்று மட்டும் சொல்லிவிட்டு, கொட்டானை அடுத்த வீட்டுக்கு அனுப்பினாள்.

ஆடி மாதத்தில் ஒரு வழியாகக் கிடைத்தது. சேரன்மகாதேவி தாண்டி, ஆற்றை ஒட்டி, ஒற்றைத் தெரு உள்ள ஓர் ஊர். அங்கே பண்ணை வீட்டில் பிளைமவுத் என்கிற அமெரிக்கக் கார் இருந்தது. வீட்டுக்காரருக்கு எழுபது வயதிருக்கும். மனைவி காலமாகிவிட்டார், பிள்ளைகள் சென்னையிலும் அதற்கு அப்பாலும் இருந்தார்கள். வயல்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிவிட்டன. அவற்றில் சிலவற்றை மாமாவே பதிவு செய்துகொடுத்திருந்தார். அந்தப் பெரிய வீட்டில் அவரும் ஒரு வேலையாளும்தான். அவர் பேசத் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவரும் மாமா மாதிரியே பேசினார்.

முதல் தடவை, யாருக்கு யார் என்ன முறை என்று ஆராய்ந்து, மாமா அவருக்கு ஒரு வகையில் அத்தான் முறை வேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். காபி வந்தது. பிறகு மாமரத்தைப் பார்ப்பதற்காகப் பின்கட்டுக்குப் போனோம். மாமரத்துக்குப் பக்கத்தில் ஓடு வேய்ந்த ஷெட். உள்ளே, கல்யாணப் பந்தியில் விரிக்கிற பெரிய சிவப்பு ஜமுக்காளம் ஒன்றைப் போர்த்திக்கொண்டு அது நின்றது.

"ஏலே, அந்த ஜமுக்காளத்த எடுத்து உதறு. தூசியா இருக்கு" என்றார் பண்ணை வீட்டுக்காரர்.

வேலையாள் உதறினான். அதற்குள் நாங்கள் பார்த்துவிட்டோம். கரும்பச்சை நிறம், முன்னால் வரிசைப் பல் மாதிரி வெள்ளித் தகடு, மடக்கி வைத்த மேல்மூடி. மாமா தன்னையறியாமல் ஓர் அடி முன்னால் வைத்தார். மறுபடியும் ஜமுக்காளம் மூடியது. "மாம்பூ இந்த வருசம் நல்லாப் பூத்ததோ?" என்றார் மாமா.

திரும்பும்போது வழியெல்லாம் என் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். "கவனிச்சியளா? நாம பாக்கணும்னுதான் உதறச் சொன்னாரு. காரியம் கனிஞ்சு வருது."

காரியம் கனிவதைப் பார்க்கப் பலமுறை போனோம். ஒவ்வொரு முறையும் ஜமுக்காளத்தில் தூசி இருந்தது. ஒரு தடவை மாமா, "வண்டிய நல்ல நெழல்ல நிறுத்தியிருக்கிய" என்றார். "நெழல் இருக்கு, வண்டிக்குத்தான் ஆள் இல்ல" என்றார் அவர். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? நான் மாமாவின் இடுப்பில் இடித்தேன். மாமா ஆழ்ந்து யோசித்துவிட்டு, "ஆளு வரும்" என்றார். அவரும் தலையாட்டினார். இரண்டு பேரும் பெரிய உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டதுபோல் உள்ளே போய் வடை சாப்பிட்டார்கள். ஆயுத பூஜைக்குக் காருக்குச் சந்தனம் வைத்து, அந்தத் தட்டில் இருந்த பொரியைப் பண்ணை வீட்டுக்காரர் தன் கையால் மாமாவுக்குக் கொடுத்தார். அதிலும் ஏதோ அர்த்தம் இருப்பதாக மாமா சொன்னார். எனக்குப் பொரிதான் தெரிந்தது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டபோது பண்ணை வீட்டுக்காரரே பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். முன்கூடத்தில் உட்கார்ந்து, வெகுநேரம் வேறு எதையோ பேசினார். பிறகு துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டு, "ஷெட்டு ஓடு ஒழுகுது. அந்த வண்டிய எங்கயாவது நல்ல எடமாப் பாத்து மாத்தணும்" என்றார். சொல்லும்போது மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறார் என்பது எனக்கே தெரிந்தது.

"நல்ல ஓட்டுவேலைக்காரன் ஒருத்தன் நமக்குத் தெரிஞ்சவன் இருக்கான். நாளைக்கே அனுப்பி வைக்கேன்" என்றார் மாமா.

அனுப்பியும் வைத்தார். பண்ணை வீட்டுக்காரர் கிளம்பிப் போனதும் அத்தை கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். "அவிய வீடு தேடி வந்து காரத் தாரேன்னு சொல்லுதாவ. நீங்க ஓடு மாத்தச் சொல்லுதிய."

"விக்கேன்னு அவரு வாயால சொன்னாரா? அவசரப்பட்டு நாம எதாவது சொல்லி, அவரு மனசு நொந்துட்டா?"

"நான் போயிக் கேக்கட்டுமா?"

"நீ கேட்டா நான் கேட்ட மாதிரித்தான்."

"மாப்பிள்ளையாவது கேக்கட்டும்."

"அவரு கேட்டா, நான் கேக்கச் சொன்ன மாதிரி."

அத்தை என்னைப் பார்த்தாள். "உங்க மாமா கேட்டு வாங்குன பொருளு ஒண்ணே ஒண்ணுதான், பொறந்த அன்னைக்குப் பாலு. அதும் அழுதுதான் வாங்குனாவ" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

மார்கழியில் அறுபதாம் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. ஊர்வலம் புறப்படும் நேரம்கூட அதில் போட்டிருந்தார். எதில் புறப்படும் என்பதை மட்டும் போடவில்லை. பண்ணை வீட்டில் பத்திரிகை வைக்கத் தம்பதியாகத்தான் போக வேண்டும் என்று அத்தையையும் அழைத்துக்கொண்டார். பத்திரிகையைக் கையில் வாங்கும்போது அவர் கட்டாயம் வண்டியைப் பற்றிச் சொல்வார் என்பது மாமாவின் கணக்கு. டாக்சியில் மூன்று பேரும் போனோம். தெரு ஆரம்பத்தில், மெயின் ரோட்டில் ஒரு லாரி நின்றது. பின்பக்கத்தைத் திறந்து, ரோட்டுக்கும் லாரிக்கும் நடுவில் தடித்த பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டு வாசலுக்குப் பிளைமவுத் வந்திருந்தது. ஜமுக்காளம் இல்லை. ஐந்தாறு பேர் அதைச் சுற்றி நின்று தோளால் தள்ளுவதற்குத் தயாராக இருந்தார்கள். கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்ட ஒருவர் அவர்களுக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணை வீட்டுக்காரர் படியில் நின்றார். எங்களைப் பார்த்ததும் வாங்க என்றுகூடச் சொல்ல மறந்துவிட்டார்.

"ஆடியில இருந்து நீங்க கேப்பியன்னு வச்சிருந்தேன்" என்றார்.

"நீங்க சொல்லுவியன்னு நான் இருந்தேன்" என்றார் மாமா.

வேறு சமயமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். மாமா வெற்றிலையும் பத்திரிகையும் வைத்த தாம்பாளத்தை நீட்டவும் இல்லாமல் இறக்கவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.  அவர்மேல் எனக்கு இருந்த எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

சிலுவைச் சங்கிலிக்காரர் உவரியைச் சேர்ந்தவர். மீன் வியாபாரம். அவராகவே எங்களிடம் வந்து சந்தோஷமாகச் சொன்னார்: "போன வாரம் இந்தப் பக்கம் ஒரு சோலியா வந்தேன். டீக்கடைல பழைய வண்டி எங்கயாவது கெடக்கான்னு கேட்டேன், இந்த வீட்டக் காட்டுனாவ. வந்து, ஐயா வண்டியத் தாரியளான்னேன். ஐயா சரின்னுட்டாவ. இன்ஜின் இறுகிக் கெடக்கு. மாத்தி, மெருகேத்தி, கல்யாண ஊர்வலத்துக்கு விடலாம்னு இருக்கேன்."

மாமா அதற்கு, "நல்லது" என்றார்.

தெரு குறுகல் என்பதால் லாரி உள்ளே வர முடியாது. மெயின் ரோடு வரைக்கும் தள்ளித்தான் போக வேண்டும். ஸ்டீரிங்கைப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்றார் உவரிக்காரர். அவருடைய ஆட்களுக்குப் படகுதான் பழக்கமாம். பண்ணை வீட்டுக்காரர் என்னைக் காட்டினார். நான் ஏறி உட்கார்ந்தேன். காலடி விரிப்பை ஒதுக்கிப் பார்த்தேன். பட்டறைக்காரர் சொன்னது சரிதான், மண் தெரிந்தது.

மாமா பின் கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கைப்பிடியைத் தொட்டார். "உள்ள எடம் தாராளமா இருக்கு போல" என்றார்.

"ஆமா அண்ணாச்சி, ஆறு பேரு உக்காரலாம்" என்று சொல்லிவிட்டு உவரிக்காரர் பின்னால் போய்க் கை கொடுத்தார். "ம், தள்ளுங்கலே பைய." சக்கரம் அரைச் சுற்று உருண்டது.

"ஐயா, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க" என்றார் மாமா. குரல் அவருடையது மாதிரி இல்லை. கார் நின்றது. அவர் ஒரு தடவை பண்ணை வீட்டுக்காரரைப் பார்த்தார், ஒரு தடவை தாம்பாளத்தைப் பார்த்தார். பிறகு உவரிக்காரரின் முகத்தை நேராகப் பார்த்து, "நானும் இவளும் லாரி வரைக்கும் இதுல உக்காந்து வரலாமா?" என்று கேட்டார்.

"ஏறுங்க அண்ணாச்சி. இதுக்கெல்லாம் போயிக் கேக்கணுமா" என்றார் உவரிக்காரர்.

அத்தை சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறினாள். மாமா தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கார் நகர்ந்தது. மேல்மூடி இல்லாததால் தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். மேளம் இல்லை, மாலை இல்லை. பின்னால் உவரி ஆட்களின் மூச்சும், காற்றில்லாத டயர் தரையில் அடிக்கிற சத்தமும்தான். யாரோ ஒரு பெண் வாசலில் நின்று என்ன விசேஷம் என்று கேட்டாள்.  ரத வீதி நான்கையும் சுற்ற வேண்டியவர்கள் ஒரு தெருவை, அதுவும் ஒரு பக்கமாக, போய்க்கொண்டிருந்தோம். மச்சினர் அங்கே இல்லை என்பது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

பாதித் தெரு போனதும் பின்னாலிருந்து அத்தையின் குரல் கேட்டது. "பாத்தியளா. வாயத் தொறந்து கேட்டிய, ஏறுன்னுட்டான். இத அவியகிட்ட ஆடியிலயே கேட்டுருக்கலாம்லா."

 மாமா ரொம்பத் தணிந்த குரலில், "கேட்டு, அவரு இல்லன்னுட்டா?" என்றார்.

"இல்லன்னா என்ன? நான் கல்யாணமான நாள்ல இருந்து உங்ககிட்ட ஒண்ணு கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். நீங்களும் காதுல வாங்காமலே இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருக்கிய. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

எனக்கு ஸ்டீரிங்கை விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது.  முன் கண்ணாடிக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் அவர்கள் முகத்தைப் பார்க்கலாமென்று நிமிர்ந்தேன். அதில் ரசம் போய்விட்டிருந்தது. மெயின் ரோடும் லாரியும் பக்கத்தில் வந்துவிட்டன.

"என்ன கேட்ட நீ?" என்றார் மாமா. வம்புக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"லாரி வந்துட்டு. எறங்குங்க" என்றாள் அத்தை.